அசெட்டிலீன் 2-லிருந்து 9: ஓவர்ஹால் வரை தாங்குமா?

கேள்வி: எங்கள் ஜெனரேட்டர் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் ஆறு மாதம் முன்பு கரைந்திருந்த அசெட்டிலீன் வாயு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு). இப்போது 9. ஆண்டு ஓவர்ஹாலுக்கு நான்கு மாதம் இருக்கிறது. எண்ணெயை வடிகட்டிவிட்டு அதுவரை ஓட்டலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில்: வடிகட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வடிகட்டும் இயந்திரம் எண்ணெயில் உள்ள ஈரத்தையும் வாயுவையும்தான் எடுக்கும். அசெட்டிலீனை உண்டாக்கும், உள்ளே தீப்பொறி பறக்கும் இடம் அப்படியே இருக்கும். நான் பார்த்த ஒரு நிலையத்தில் வடிகட்டிய மறுநாள் அறிக்கையில் அசெட்டிலீன் சுழியம். அதைக் காட்டியே பில் பாஸானது. ஐந்தாவது வாரம் புக்ஹோல்ஸ் ரிலே (உள்ளே உண்டாகும் வாயு சேர்ந்தால் எச்சரிக்கும் கருவி) அலாரம் அடித்தது. அதற்கு முந்தைய வாரங்களில் வாயு எப்படி ஏறியது என்று பார்க்க யாரிடமும் கணக்கில்லை. இயந்திரம் ஓடிய மணிக்குக் காசு வாங்கும் ஒப்பந்தக்காரரிடம் அது தேவையா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

சரி, உங்கள் 9-க்கு வருவோம். சுமார் 700 டிகிரிக்கு மேல் சூடு போனால்தான் அசெட்டிலீன் குறிப்பிடும்படி உண்டாகும். அதனால் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் இரண்டு புள்ளியை வைத்து முடிவெடுக்க முடியாது. இன்றே ஒரு சாம்பிள், ஒரு வாரத்தில் இன்னொன்று, அடுத்த வாரம் மற்றொன்று. அதே வால்வு, அதே ஆய்வகம். வால்வில் தேங்கிய எண்ணெயை ஓரிரு லிட்டர் வெளியேவிட்ட பிறகு கண்ணாடி சிரிஞ்சில் பிடியுங்கள். குமிழி தெரிந்தால் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். வெளிச்சம் படாமல் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

9-லேயே நின்றால், எப்போதோ ஒரு முறை நடந்த சங்கதி. மாதம் இருமுறை பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம். வாராவாரம் ஏறினால், கூடவே ஹைட்ரஜனும் ஏறினால், நான்கு மாதமெல்லாம் கிடையாது. நீங்களே நாள் குறித்து நிறுத்துங்கள். புக்ஹோல்ஸில் வாயு சேர்ந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே நிறுத்துங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் ஆன்-லோடு டாப் சேஞ்சர் (ஓடும்போதே வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) உண்டா? மின்னோட்டத்தை ஒரு டாப்பிலிருந்து அடுத்ததற்கு மாற்றும் அதன் டைவர்ட்டர் அறையில் ஒவ்வொரு டாப் மாற்றத்துக்கும் தீப்பொறி எழுவது இயல்பு (வெற்றிடக் குழாய் வகை வேறு). அந்த எண்ணெய் சீல் வழியாகக் கசிந்தாலோ, அந்த அறைக்கும் மெயின் டாங்குக்கும் ஒரே கன்சர்வேட்டர் (மேலே உள்ள எண்ணெய்த் தொட்டி) இருந்தாலோ, மெயின் டாங்கில் பொய்யாக அசெட்டிலீன் காட்டும். அறிக்கையில் அசெட்டிலீனை ஹைட்ரஜனால் வகுத்துப் பாருங்கள். 2, 3-க்கு மேல் வந்தால் முதல் சந்தேகம் இந்தக் கசிவின் மேல்தான். டைவர்ட்டர் எண்ணெயையும் தனியாகச் சோதித்து ஒப்பிடுங்கள். கசிவுதான் என்று உறுதியானால் ஓவர்ஹாலில் சீலை மாற்றிக்கொள்ளலாம். இதைப் பார்க்காமலே டாங்கைத் திறந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஓவர்ஹால் தேதி ஓராண்டுக்கு முன் யாரோ அட்டவணையில் எழுதியது. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்த அட்டவணையை யாரும் காட்டவில்லை. ஆனாலும் ஷட்டவுன் கேட்டால் மேலதிகாரிகள் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த அட்டவணையைத்தான். மூன்று நாள் நிறுத்தத்துக்கு மூன்று கையெழுத்து. எரிந்துபோனால் புதிது வர ஓராண்டுக்கு மேலும் ஆகும், அப்போது கையெழுத்துப் போட ஆளே கிடைக்க மாட்டார். அதனால் வாய்ப்பேச்சில் கேட்காதீர்கள். மூன்று சாம்பிள் எண்களையும் அன்றன்றைய லோடையும் ஒரே தாளில் எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள்.