பழைய வீணை: மெருகுக்கு முன் மேளம்

கேள்வி: பழம்பொருள் விற்பவரிடம் தஞ்சாவூர் வீணை ஒன்றை வாங்கினேன். மெழுகு வெடித்து இரண்டு மெட்டுகள் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகள்) விழுந்துவிட்டன; வீணையின் முனையிலுள்ள யாழி முகத்தின் நாக்கும் உடைந்திருக்கிறது. நூறாண்டுப் பழமையான ஏகாண்ட வீணை என்று விற்றவர் சொன்னதை எப்படி உறுதிசெய்வது? முதலில் மெருகு ஏற்றிவிட்டுத் தந்தி கட்டலாமா?

பதில்: மெருகை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்; மேளம் கட்டிய, அதாவது மெட்டுகளை மெழுகில் சுருதிக்கேற்பப் பதித்த பிறகே அது. பழைய வீணைகளுக்கு நேரும் கேடுகளில் வருந்தத்தக்கது, விரிசலும் உளுப்பும் (மரத்தைப் பூச்சி துளைப்பது) அரக்குப் பூச்சுக்குள் மறைந்துபோவதுதான். பூசிய பிறகு எந்தக் கைவினைஞராலும் மரத்தின் உண்மை நிலையைக் கண்டறிய முடியாது.

ஏகாண்ட வீணை என்பது குடத்தையும் (உருண்டையான பகுதி) தண்டியையும் (மெட்டுகள் பதியும் நீண்ட பகுதி) ஒரே பலாமரத் துண்டில் குடைந்து செய்தது. குடத்தின் வாயை மூடும் பலகை தனித் துண்டாக இருப்பது எல்லா வீணைகளுக்கும் பொது என்பதால், அந்த இணைப்பைப் பார்த்து ஐயப்பட வேண்டியதில்லை. வீணையைக் கவிழ்த்து, குடம் தண்டியோடு சேரும் கழுத்துப் பகுதியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மரத்தின் ரேகைகள் அறுபடாமல் குடத்திலிருந்து தண்டிக்குள் ஓடினால் அது ஏகாண்டம். அங்கே ரேகைகள் திடீரெனத் திசை மாறினால் ஒட்டு வீணை. அலங்காரப் பட்டை அந்த இடத்தை மறைத்திருந்தால் அதன் இரு பக்கத்து ரேகைகளையும் ஒப்பிடுங்கள். ஒட்டு வீணை என்று தெரிந்தாலும் மனம் தளர வேண்டாம். நன்கு செய்த ஒட்டு வீணை இனிமையாகவே ஒலிக்கும்.

வயதைப் பற்றி விற்றவர் சொல்லை நம்பாதீர்கள். பலாமரம் புதிதில் மஞ்சளாக இருந்து நாளடைவில் பழுப்பாகும் என்பது உண்மையானாலும், சாயம் ஏற்றி அந்த நிறத்தை எளிதில் வருவிக்கலாம். யாழி முகமும் தந்தியை முறுக்கும் பிரடைகளும் இடையில் மாற்றப்பட்டிருக்கக்கூடும். வெண்ணிற அலங்காரம் யானைத் தந்தமாக இருக்கலாம் என்று தோன்றினால், சூடான ஊசியால் குத்திச் சோதிக்காமல் வனத்துறையிடம் விசாரியுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தந்தப் பொருள்களை வாங்குவதும் விற்பதும் தடைசெய்யப்பட்டவை.

இனிப் பழுதுபார்ப்பு. தந்தி மிச்சமிருந்தால் முதலில் தளர்த்துங்கள். தண்டியின் நீளத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் தண்டி வளைந்திருக்கிறதா என்பது தெரியும். பல ஆண்டுகள் முறுக்கிய தந்தியோடு கிடந்த வீணைகளில் இந்த வளைவைக் காணலாம், அதைச் சரிசெய்வது கடினம். குடத்தைத் தட்டும்போது மாவு போன்ற தூள் உதிர்ந்தால் உளுப்பு உயிரோடு இருக்கிறது என்று பொருள். பலகை ஓரத்தில் ஒட்டு விட்டிருப்பது மட்டும் எளிதில் சரியாகிவிடும்.

மரம் சரியான பின், தந்திகளைத் தாங்கும் குதிரையைக் கவனிக்க வேண்டும். அதன் மேலுள்ள உலோகத் தகடு மெல்லிய வளைவோடு வழவழப்பாக இருந்தால்தான் வீணைக்குரிய கார்வை (நீண்டு ஒலிக்கும் நாதம்) பிறக்கும். தந்தி அரித்த பள்ளங்கள் இருந்தால் கரகரப்புத்தான் கேட்கும். குதிரை தன் இடத்தில் நிலைத்து, நான்கு வாசிப்புத் தந்திகளும் மூன்று தாளத் தந்திகளும் ஏறிய பிறகே மேளம் கட்ட முடியும், ஏனெனில் தேன்மெழுகில் கரித்தூள் கலந்து 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகச் செவியால் கேட்டுப் பதிப்பது அந்தத் தந்திகளின் சுருதியைக் கொண்டுதான். விழுந்த இரண்டை மட்டும் ஒட்டித்தரச் சொல்லாதீர்கள். வெடித்த பழைய மெழுகை முழுவதும் நீக்கிப் புதிதாகக் கட்டுவதே முறை. மெருகும் யாழியின் நாக்கும் இதற்குப் பிறகு, மெழுகுக்குச் சூடு படாதபடி செய்யப்பட வேண்டியவை.

வீணையைத் திரும்பப் பெறும்போது முதல் வாசிப்புத் தந்தியான சாரணியை மீட்டி, 12ஆம் மெட்டில் அதன் மேல் ஷட்ஜமும் (‘ஸ’ சுரம்) 24ஆம் மெட்டில் அதற்கும் மேலான ஷட்ஜமும் பிசகாமல் பேசுகின்றனவா என்று கேளுங்கள். பிசகினால் அங்கேயே திருத்தித் தரச் சொல்வது உங்கள் உரிமை.