ஆங்கிலச் சோதினைக்குத் தமிழ் இலக்கணக் கொப்பி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலை. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள், ஏதோ ஒரு கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்கிறார்கள், படித்தது நிற்கவில்லை என்கிறார்கள். அதனால் சமையல், சீட்டுக்காசுக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க எஸ்.ஏ.டி. எழுதப் போகிறேன், கொழும்புக்குப் போய்த்தான் எழுத வேண்டும். அண்ணா வைத்திருந்த பழைய புத்தகத்திலிருந்து மூவாயிரம் சொல் பாடமாக்கினேன், மூன்றாம் நாள் பாதி போய்விட்டது. இலக்கணப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து இரண்டு தரம் முடித்துவிட்டேன். பயிற்சி வினாத்தாளில் புள்ளி மட்டும் அசையவில்லை. என்ன செய்ய? (மாணவன், கொக்குவில்)

பதில்: தம்பி, முதலில் அந்த மூவாயிரத்தையும் அலுமாரிக்கு மேல் தூக்கி வையும். அது அண்ணாவின் காலத்துச் சோதினைக்குச் செய்த பட்டியல். 2016இல் எஸ்.ஏ.டி.யை மாற்றியபோது யாரும் வாயில் எடுக்காத அபூர்வச் சொற்களைக் கேட்கிற வழக்கத்தைக் கைவிட்டார்கள். 2023 மார்ச்சிலிருந்து எங்களைப் போல வெளிநாட்டில் எழுதுகிறவர்களுக்கு அது கணினியில்தான். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 64 நிமிடத்தில் 54 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 150 சொல் வரையான ஒரு சின்னப் பந்தி, அதற்கு ஒரேயொரு கேள்வி. சொல் தனியாக வந்து நின்று எனக்கு அர்த்தம் சொல் என்று கேட்காது, பந்திக்குள் இருந்துகொண்டு இந்த இடத்துக்கு எது பொருந்தும் என்றுதான் கேட்கும். அந்த 54இல் 11 முதல் 15 வரை சுத்த இலக்கணம். நீர் கைவைக்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் இந்தக் கேள்விகளில் ஊகம் குறைவு, விதி தெரிந்தால் புள்ளி வரும்.

இனிச் சொல்லப் போவதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அலுமாரிக்கு மேல் அந்தப் புத்தகத்தை வைக்கும்போது, அங்கே கிடக்கிற உம்முடைய சாதாரண தரத் தமிழ் இலக்கணக் கொப்பியை இறக்கும். முற்று, எச்சம் என்று படித்தீர் அல்லவா? வாக்கியத்தை முடித்து வைக்கிற வினை முற்று, முடிக்காமல் தொங்கி நிற்கிற வினை எச்சம். எஸ்.ஏ.டி.யின் நிறுத்தக்குறிக் கேள்விகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கும். 'பஸ் பிந்தி வந்தது, நாங்கள் வகுப்பைத் தவறவிட்டோம்' என்று தமிழில் எழுதினால் எந்த ஆசிரியரும் சிவப்புப் பேனை எடுக்கமாட்டார். அதையே ஆங்கிலத்தில் 'த பஸ் கேம் லேட்' என்று எழுதிக் காற்புள்ளி போட்டு 'வீ மிஸ்ட் த க்ளாஸ்' என்று தொடர்ந்தால் பிழை. இரண்டு பக்கமும் முற்றுவினை இருக்கிறது, இரண்டு முற்றை வெறும் காற்புள்ளியால் கட்ட முடியாது. முற்றுப்புள்ளி போடலாம், அரைப்புள்ளி போடலாம், காற்புள்ளியோடு 'ஸோ', 'பட்', 'அன்ட்' மாதிரி ஒரு சின்ன இணைப்புச் சொல் சேர்க்கலாம், இல்லாவிட்டால் முன்னால் 'பிகாஸ்' போட்டு ஒன்றை மற்றதற்குக் கீழே தள்ளலாம். 'ஹவெவர்' இணைப்புச் சொல் மாதிரி வேஷம் போடும், நம்ப வேண்டாம், இரண்டு முற்றுக்கு நடுவில் அது வந்தால் அதற்கு முன்னால் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும். 'கமிங்', 'ரன்னிங்' என்று 'இங்' மட்டும் தனியே நின்றால் அது எச்சம், 'வந்து', 'ஓடி' மாதிரி, அதை வைத்துக்கொண்டு வாக்கியம் முடிந்துவிட்டது என்று புள்ளி வைக்கக் கூடாது. ஆகவே விடைகளைப் பார்க்கும் முன் முற்றுக்களை எண்ணும். அவ்வளவுதான் வேலை.

இன்னொரு வகை. 'வோக்கிங் டு த பஸ் ஸ்டாண்ட், த ரெயின் ஸ்டார்ட்டட்' என்று ஒரு விடை தருவார்கள், பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். தமிழில் சொல்லிப் பாரும்: 'பஸ் நிலையத்துக்கு நடந்து, மழை தொடங்கியது.' நடந்தது யார், மழையா? 'செய்து' என்ற வாய்பாட்டு வினையெச்சம் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடியும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆங்கிலக்காரரும் அதையேதான் கேட்கிறார்கள், காற்புள்ளிக்கு அடுத்து வருகிற ஆள்தான் நடந்தவராக இருக்க வேண்டும் என்று. சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டையில் ஆங்கிலத்தில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவராக வந்தவர். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சில் ஏற்றியவரும் அவர்தான். இரண்டு இலக்கணமும் ஒரு தலைக்குள் சண்டை பிடிக்காமல் இருந்திருக்கின்றன.

எழுவாயும் பயனிலையும் பொருந்துகிற கேள்விகளில் மட்டும் தமிழ் எங்களைக் கொஞ்சம் ஏமாற்றும். 'சந்தியில் நிற்கிற பெடியன்களின் தலைவன் சிரிக்கிறான்' என்றால் தலைவனும் சிரிப்பும் பக்கத்தில் பக்கத்தில். ஆங்கிலத்தில் 'த லீடர்' முதலில் வந்துவிடும், 'ஆஃப் த பாய்ஸ் ஸ்டாண்டிங் அட் த ஜங்ஷன்' முழுவதும் நடுவில் புகுந்து நிற்கும், அதன் பிறகுதான் 'லாஃப்ஸ்'. நடுவில் நிற்கிற அந்தப் பெடியன்களைப் பார்த்து 'ஸ்' ஐ வெட்டிவிடுவோம். வினாத்தாள் செய்கிறவர் அதற்காகவே அவர்களை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார். உண்மையில் போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள் என்று ஆளுக்கொரு வால் மாட்டிப் பழகிய எங்களுக்கு, ஆங்கிலத்தில் மிஞ்சியிருக்கிற அந்த ஒரு 'ஸ்' வால் பாரமாக இருக்கக் கூடாது.

புத்தகத்தை மூன்றாம் தரம் தொடங்க வேண்டாம். ஒரு நாற்பது தாள் கொப்பி வாங்கி அதற்குப் பிழைக் கொப்பி என்று பெயர் வையும். புளூபுக் என்ற செயலியில் சோதினை நடத்துகிற காலேஜ் போர்ட்டே முழுப் பயிற்சி வினாத்தாள்களை இலவசமாக வைத்திருக்கிறது. ஒன்றைச் செய்து, பிழைத்ததை மட்டும் கொப்பியில் எழுதி, பக்கத்தில் நான் ஏன் மற்றதைத் தெரிந்தெடுத்தேன் என்று ஒரு வரி. சரியான விடையை எழுதுவது சுலபம், அந்த ஒரு வரிதான் கஷ்டம். மூன்று வினாத்தாள் முடியும்போது நீர் விடுகிற பிழைகள் நாலு ஐந்து வகைதான் என்று தெரியும், பிறகு அந்த நாலைந்தை மட்டும் படித்தால் போதும்.

கேள்வி: எனக்கு இலக்கணம் பரவாயில்லை, சொற்கள்தான் மனதில் தங்குவதில்லை. எழுதி எழுதிக் கை வலிக்கிறது. (மாணவி, பருத்தித்துறை)

பதில்: பிள்ளை, கை வலிக்க எழுதினால் கைதான் படிக்கும். புதுச் சொல்லைத் தெரிந்த சொல்லோடு கட்டிப் போட வேண்டும், அதற்கு உம்முடைய வீட்டுக்குள்ளேயே நல்ல தூண்கள் இருக்கின்றன. நீர் இருக்கிற கதிரை போர்த்துக்கீசர் விட்டுப்போனது, அதற்கு மூலம் லத்தீனில் 'கதெட்ரா', ஆசனம். ஆயருடைய ஆசனம் இருக்கிற தேவாலயம் 'கதீட்ரல்'. 'செயார்' என்பதும் அதே வேரின் இன்னொரு பிள்ளை. விறாந்தையில் கிடக்கிற வாங்கு இருக்கிறதே, அதற்கும் 'பேங்க்' என்பதற்கும் ஒரே வேர்தான், இத்தாலியில் காசு மாற்றுகிறவர்கள் வாங்கு போட்டு இருந்தார்கள். 'பேங்க்ரப்ட்' என்றால் சொல்லுக்குச் சொல் உடைந்த வாங்கு. காலையில் சாப்பிட்ட பாண் லத்தீனில் 'பானிஸ்', ஒன்றாகப் பாண் தின்கிறவன் 'கம்பேனியன்'. யன்னல் வந்த வழியில் போனால் வாசலுக்கு லத்தீன் சொல் 'யானுவா', வாசல் காக்கிறவன் 'ஜானிட்டர்'. எங்களிடமிருந்து போனதும் உண்டு: சுருட்டுத்தான் 'ஷெரூட்', கட்டுமரம்தான் 'கேட்டமரான்'. சுருட்டுச் சுற்றிய ஊர்க்காரருக்கு ஒரு ஆங்கிலச் சொல்லாவது இனாமாகக் கிடைக்க வேண்டாமா!

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் சோதினையில் வருகிற சொற்களுக்கும் இப்படியே போகலாம். 'ஸ்பெக்ட்' என்றால் பார்வை. உள்ளே பார்த்தால் 'இன்ஸ்பெக்ட்', பின்னால் திரும்பிப் பார்த்தால் 'ரெட்ரோஸ்பெக்ட்', சுற்றுமுற்றும் பார்த்துக் கால் வைக்கிறவர் 'சர்க்கம்ஸ்பெக்ட்', அதாவது அவதானமானவர். ஆனால் வேரைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் ஊகிக்க வேண்டாம், சில சொற்கள் வேரை விட்டுத் தூரம் போய்விட்டன.

மற்றது, சொல்லைச் சோடியோடு எழுதும். நாங்கள் பிழை விடுகிறோம், ஆங்கிலக்காரர் பிழையைச் 'செய்வார்', 'மேக்' அவர்களுக்கு. நாங்கள் படம் பிடிக்கிறோம், அவர்கள் 'டேக்'. நாங்கள் மருந்து குடிக்கிறோம், அதுவும் அவர்களுக்கு 'டேக்'. எங்களுக்குப் பலத்த மழை, அவர்களுக்கு மழை 'ஹெவி', அதற்கு 'ஸ்ட்ராங்' போட்டால் தேத்தண்ணி மாதிரி ஆகிவிடும். தனிச்சொல்லைப் பாடமாக்கினவர் இடைவெளி நிரப்பலில் விழுவது இந்தச் சோடி தெரியாததால்தான். ஒரு நாளைக்கு ஏழு எட்டுச் சொல் போதும், ஒவ்வொன்றுக்கும் உம்முடைய வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம், அயலட்டையைப் பற்றி எழுதினால் இன்னும் மறக்காது.

கேள்வி: மகள் ஆங்கிலத்துக்கு மட்டும் மூன்று இடத்தில் ரியூஷன் போகிறாள். காசும் போகிறது, பிள்ளைக்கு நேரமும் இல்லை. ஒன்றை நிறுத்தினால் பின்தங்கிவிடுவாளோ என்று பயம். எனக்கோ ஆங்கிலம் தெரியாது. (ஒரு அம்மா, சாவகச்சேரி)

பதில்: அம்மா, இரண்டை நிறுத்துங்கள். மூன்று பேர் ஒரே பாடத்தை மூன்று ஒழுங்கில் நடத்தினால் பிள்ளை எந்த ஒழுங்கையும் பிடிக்காது. நான் படித்த காலத்தில் ஒரு ரியூட்டரியில், பெயர் வேண்டாம், எங்கள் மாஸ்டர் இரண்டு வருஷமாக 'டிஸ்கஸ் அபவுட்' என்று சொல்லித் தந்தார். 'டிஸ்கஸ்' என்றாலே ஒன்றைப் பற்றிப் பேசுவதுதான், 'அபவுட்' மிச்சம். 'பற்றி' என்று தமிழ் கேட்கிற இடத்திலெல்லாம் நாங்கள் அதைப் போட்டுக்கொண்டே போனோம், எனக்கு அந்தப் பழக்கம் விட வேலைக்குப் போன பிறகும் நாலைந்து வருஷம் எடுத்தது. அதிக வகுப்பு என்றால் அதிக ஆங்கிலம் என்றில்லை.

உயர்தரத்தில் பொது ஆங்கிலம், பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கிற இசட் புள்ளியில் சேராது என்பதால் பிள்ளைகள் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள், பிறகு மருத்துவமோ பொறியியலோ கிடைத்து உள்ளே போனால் விரிவுரை ஆங்கிலத்தில். அந்த ஓட்டையைக் கடைசி மூன்று மாதத்தில் ரியூஷனால் அடைக்கப் பார்க்கிறோம். மிஞ்சுகிற நேரத்தில் மகள் பொது நூலகத்துக்குப் போய் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரேயொரு செய்தியை வாசித்துவிட்டு வரட்டும், நீங்கள் இரவு மரக்கறி வெட்டும்போது அதைத் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது இங்கே பெரிய உதவி. விளங்காமல் வாசித்திருந்தால் நீங்கள் இரண்டாம் கேள்வி கேட்கும்போதே அவள் தடுமாறுவாள், தடுமாறுகிற இடத்தை மறுநாள் திரும்ப வாசிக்க வேண்டும்.

கேள்வி: 'அ', 'அன்', 'த' எங்கே போடுவது, எங்கே விடுவது? சுருக்கமாக. (மாணவன், சுன்னாகம்)

பதில்: சுருக்கமாகக் கேட்கிறீர், இதைச் சுருக்கினவர் ஒருவரும் இல்லை. இரண்டு விஷயம் மட்டும் பிடியும். எண்ணக்கூடிய பெயர்ச்சொல் ஒருமையில் சட்டை போடாமல் வெளியே வராது, 'அ' வோ 'த' வோ 'மை' யோ ஏதாவது ஒன்று முன்னால் வேண்டும். ஊர்ப்பெயர், ஆட்பெயருக்கு இந்தச் சட்டம் இல்லை, 'கோ டு ஸ்கூல்' மாதிரிச் சில பழைய தொடர்களும் தப்பித்துக்கொள்ளும். அப்புறம், கேட்கிறவருக்கும் எது என்று தெரிந்திருந்தால் 'த', தெரியாவிட்டால் 'அ'. 'ஒரு நாய் வந்தது, நாய் குரைத்தது' என்றால் முதல் நாய் 'அ', இரண்டாவது 'த'. 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஹோம்வேர்க்', 'ஃபேர்னிச்சர்' இந்த நாலுக்கும் 'அ' வும் இல்லை, பன்மை 'ஸ்' உம் இல்லை, இதைச் சுவரில் ஒட்டும்.

கேள்வி: சென்ற இதழில் அரைப்புள்ளிக்குப் பிறகு பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அது பிழை. (ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லூர்)

பதில்: பிழைதான் ஐயா. சிறிய எழுத்துத்தான், ஆட்பெயர் ஊர்ப்பெயர் வந்தால் மட்டும் பெரியது. தமிழ் உரைநடையில் காற்புள்ளி, அரைப்புள்ளியை எல்லாம் ஒழுங்காகப் போட்டுக் காட்டிய ஆறுமுக நாவலர் பிறந்த ஊரிலிருந்து திருத்தம் வந்திருக்கிறது, நான் என்ன வாயா காட்ட முடியும். என்னுடைய பிழைக் கொப்பியில் ஏறியாயிற்று.

கேள்வி: சோதினைக்கு முதல் நாள் என்ன படிக்க வேண்டும்? தெரியாத கேள்வியை விடலாமா, குத்துமதிப்பாகப் போடலாமா? (கொக்குவில் மாணவனின் இரண்டாவது கடிதம்)

பதில்: பிழைக் கொப்பியை ஒரு தரம் புரட்டிவிட்டுப் படும். எஸ்.ஏ.டி.யில் பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விட வேண்டாம். வேறு நுழைவுப் பரீட்சை எழுதுகிறவர்கள் வினாத்தாளின் அறிவுறுத்தலை முதலில் வாசியுங்கள், சிலவற்றில் குறைப்பார்கள். இன்னொன்று, வாசிப்பும் எழுத்தும் இரண்டு தொகுதியாக வரும், முதல் 27 கேள்வியை நீர் செய்கிற விதத்தைப் பார்த்துத்தான் அடுத்த 27 கடினமாகவோ இலகுவாகவோ வரும், அதனால் தொடக்கத்தில் அவசரப்பட வேண்டாம். கணிதத்தோடு சேர்த்து மொத்தம் 2 மணி 14 நிமிடம். மடிக்கணினியை நீர்தான் கொண்டுபோக வேண்டும், அங்கே எல்லாருக்கும் பக்கத்தில் பிளக் இருக்கும் என்று நம்ப முடியாது. பயணத்துக்கு வெளிக்கிட முதலே முழுதாக சார்ஜ் போட்டு, வயரையும் பையில் வையும், இரவு பஸ்ஸில் அதில் படம் பார்த்துக்கொண்டு போக வேண்டாம்.