பசுமை ஹைட்ரஜன் ஆலையில் ஆட்டோமேஷனுக்கு அப்படி என்ன வேலை?

பெங்களூரு பீனியா தொழிற்பேட்டையில் பிஎல்சி (இயந்திரங்களைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) வேலை பார்க்கிறேன், இந்தத் துறைக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாறலாம்.

தண்ணீரை மின்சாரத்தால் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரிப்பது பழைய வித்தை. அந்த மின்சாரம் கர்நாடகாவின் பாவகடா மாதிரி சூரிய மின்சாரப் பூங்காவிலிருந்து வரும்போதுதான் சிக்கல். மேகம் மறைத்தால் மின்வரத்து சட்டென்று விழும். தண்ணீரைப் பிரிக்கும் கருவிதான் எலக்ட்ரோலைசர். காரக் கரைசலில் ஓடும் கார வகை எலக்ட்ரோலைசரில் அப்போது ஆக்சிஜன் உற்பத்தி குறையும். இரண்டு வாயுக்களையும் பிரிக்கும் தடுப்பைத் தாண்டிக் கசியும் ஹைட்ரஜன் மட்டும் அவ்வளவாகக் குறையாது. ஆக்சிஜன் பக்கம் ஹைட்ரஜன் 4 சதவீதத்தை எட்டினால் வெடிக்கும் ஆபத்து. அதனால் 2 சதவீதத்திலேயே தானாக நிற்கும்படி பொதுவாக அமைப்பார்கள். வாயுவின் அளவைப் பார்க்கும் அனலைசரும் பிஎல்சியும் வால்வும் சேர்ந்து செய்கிற வேலை இது, ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பெம் (காரக் கரைசலுக்குப் பதில் பாலிமர் சவ்வு வைத்தது) வகை எலக்ட்ரோலைசர் இந்த ஏற்ற இறக்கத்துக்கு நொடிகளில் ஈடுகொடுக்கும், விலைதான் கடிக்கும்.

அப்புறம் செலவு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 50 முதல் 55 யூனிட் மின்சாரம் போகும். எப்போது ஓட்டுவது, எந்த ஸ்டேக்கை (எலக்ட்ரோலைசர் செல்களின் அடுக்கு) ஓய்வில் விடுவது என்பதில்தான் காசு மிச்சமாகும். ஏஐ பேச்செல்லாம் என் கணக்கில் அதற்குப் பிறகுதான்.

பயன்படுத்தும் இடத்திலோ, இந்த வாயுவுக்கு மணமில்லை. அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. கசிவு சென்சார், புற ஊதா ஃபிளேம் டிடெக்டர் எல்லாம் கட்டாயம். நீங்கள் முதலில் சேஃப்டி இன்டர்லாக் (ஆபத்து வந்தால் தானாக நிறுத்தும் ஏற்பாடு), ஐஈசி 61511 (ஆலைப் பாதுகாப்பு அமைப்புகளுக்கான சர்வதேசத் தரநிலை) இரண்டையும் படித்துவிடுங்கள்.