பொனற்றைத் திறக்க முந்தி ஒருக்காக் கேளுங்கோ

கேள்வி: அண்ணை, ஆல்ட்டோ காருக்கு நானே ஒயில் மாத்தினனான். ஃபில்ரரும் புதுசு. ரவுணுக்குப் போய் வாறதுக்குள்ளை வழி முழுக்க ஒயில். ஃபில்ரர் பழுது எண்டு கொண்டுபோனால் கடைக்காரர் மாத்தித் தரமாட்டாராம். - கோண்டாவில் வாசகர்

பதில்: கழட்டின பழைய ஃபில்ரரை எறிஞ்சுபோடேல்லைத்தானே? அதின்ரை வாயிலை கறுத்த றப்பர் வளையம் இருக்கோ எண்டு பாருங்கோ. இல்லையெண்டால் அது எஞ்சினிலை ஒட்டிக்கொண்டு நிக்குது, அதுக்கு மேலை நீங்கள் புதுசைப் பூட்டியிருக்கிறியள், வளையத்துக்கு மேலை வளையம் இருந்தால் எந்தக் கொம்பனி ஃபில்ரரும் ஒழுகத்தான் செய்யும். கடைக்காரரோடை சண்டைக்குப் போகாதேங்கோ, அவர்லை பிழை இல்லை. பழையதைச் சுரண்டி எடுத்துப்போட்டு, புது வளையத்துக்கு விரலாலை ஒயில் தடவி, கையாலை சுத்தி, தட்டுப்பட்டாப்பிறகு முக்கால் சுத்து, அவ்வளவுதான். டிப் ஸ்ரிக்கைப் பாக்காமல் ஸ்ராட் பண்ணாதேங்கோ.

கழிச்ச ஒயிலை எங்கை ஊத்தினதெண்டு நீங்கள் எழுதேல்லை. வளவுக்குள்ளை எண்டால் எனக்குச் சொல்லவேண்டாம், கோவம் வரும். எங்கடை நிலம் சுண்ணாம்புக்கல்லு, ஊத்தினது கிணத்துக்குத்தான் போகும். வெறும் பிளாஸ்ரிக் கானுக்குள்ளை விட்டு கராஜிலை குடுங்கோ.

கேள்வி: சிகரெற் லைற்றர் ஓட்டையிலை செருகிற பெற்றோல் சேவர் ஒன்லைனிலை போகுது. வேண்டலாமோ? - சுன்னாகம் வாசகர்

பதில்: வேண்டாதேங்கோ. நான் வேண்டினனான், உடைச்சுப் பாத்தால் உள்ளுக்கை ஒரு சின்ன லைற்றுதான், நீலக் கலர், வடிவா எரிஞ்சது.

கேள்வி: நாலு ரயரும் புதுசு எண்டு வேண்டினனான் அண்ணை. ரெண்டு மாதம் ஆகேல்லை, பக்கத்திலை எல்லாம் மயிர்மாதிரி வெடிப்பு. கடையிலை வெயில்லை விட்டதாலை எண்டு என்னைப் பேசுறார். ரயரிலை முட்டை வடிவுக்குள்ளை 1417 எண்டு கிடக்கு. பில் என்னட்டை இருக்கு. - நெல்லியடி வாசகி

பதில்: தங்கச்சி, அந்த நாலு இலக்கம்தான் உங்கடை சாட்சி. முதல் ரெண்டும் கிழமை, பின் ரெண்டும் வருசம். 2017ஆம் ஆண்டு 14ஆவது கிழமை செய்த ரயரை உங்களுக்குப் புதுசெண்டு தந்திருக்கினம். ஒருநாளும் ஓடாத ரயர்தான், ஆனால் றப்பர் சும்மா கிடந்தாலும் காயும். உங்களை வடிவாப் பேய்க்காட்டியிருக்கினம், அதுக்கு மேலை பேச்சும் வேறை.

நீங்கள் பில் வைச்சிருக்கிறியள், கெட்டிக்காரி. இலக்கத்தையும் வெடிப்பையும் பகல் வெளிச்சத்திலை படம் எடுத்துப்போட்டு முதல் கடையிலை மரியாதையாக் கேளுங்கோ. சரிவராட்டில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்திலை முறைப்பாடு குடுங்கோ, கச்சேரியிலை, அதுதான் மாவட்டச் செயலகத்திலை, விசாரிச்சால் சொல்லுவினம், 1977க்கு அடிச்சும் கேக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி வேண்டி மூண்டு மாதத்துக்குள்ளை முறையிடவேணும், உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு மாதம் கிட்டப் போட்டுது, அதாலை கோயில் திருவிழா முடியட்டும் எண்டு இருக்காதேங்கோ, இந்தக் கிழமையே போங்கோ. அந்த ரயரோடை ஏ9 றோட்டிலை வேகமா ஓடவும் வேண்டாம்.

கேள்வி: விட்ஸ் கார் சூடாகுது. கூலன்ற் விலை கூட, கிணத்துத் தண்ணி விடலாமோ? மெக்கானிக் தேமோஸ்ரற்றைக் கழட்டிப்போட்டார், எங்கடை வெக்கைக்கு அது தேவையில்லையாம். - மானிப்பாய் வாசகர்

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் கனநாளாக் காத்துக்கொண்டிருந்தனான்.

முதல் தண்ணி. உங்கடை வீட்டுக் கேத்திலைத் திறந்து அடியைப் பாருங்கோ, வெள்ளையாப் படை படையா ஒட்டியிருக்கும். அதுதான் ரேடியேற்றரின்ரை மெல்லிய குழாயளுக்குள்ளையும் பிடிக்கும், ஆனால் அங்கை தேசிக்காய் விட்டுத் தேய்க்க ஏலாது. பற்றரித் தண்ணியும் (வடிச்ச தண்ணி, அசிட் இல்லை) கூலன்றும் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கோ. ஏற்கெனவே கலந்து வாற கூலன்றும் இருக்கு, அதுக்குத் தண்ணி சேக்கக்கூடாது, போத்திலை வாசியுங்கோ. பச்சை, ரோஸ் எண்டு கலரைப் பாத்து வேண்டாதேங்கோ, கலர் கொம்பனிக்குக் கொம்பனி மாறும், காரின்ரை புத்தகத்திலை என்ன வகை எண்டு போட்டிருக்கும். கூலன்ற் இனிக்கும், விசம், நாய் நக்கினால் செத்துப்போம். சூட்டோடை மூடியைத் திறந்து முகம் வெந்த ஆக்களையும் நான் பாத்திருக்கிறன்.

இனி தேமோஸ்ரற். எங்கடை மெக்கானிக்மாரிலை எனக்கு மரியாதை இருக்கு, சண்டை நேரம் பொருளாதாரத் தடைக் காலத்திலை பழைய ஒஸ்ரின் ஏ40 காரைப் பெற்றோல் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயிலை ஓட வைச்ச கையள் அது. அப்ப சாமான் இல்லை, கழட்டி எறிஞ்சினம், சரி. இப்ப கடையிலை சாமான் இருக்கேக்கையும் ஏன் கழட்டுறியள்? எங்கடை வெக்கை முப்பத்தஞ்சு பாகை எண்டு வையுங்கோ, எஞ்சினுக்கு எண்பது தொண்ணூறு பாகை வேணும், அது வரும்வரைக்கும் தண்ணியை ரேடியேற்றருக்கு விடாமல் பிடிச்சு வைக்கிறதுதான் தேமோஸ்ரற்றின்ரை வேலை. அது இல்லையெண்டால் எஞ்சின் குளிருக்கை நிக்குது எண்டு நினைச்சுப் பெற்றோலைக் கூட ஊத்தும், ஒயிலும் கெதியாக் கெடும், சில எஞ்சினிலை அதைக் கழட்டினால் சூடான தண்ணி ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியாலை திரும்பி வந்து இன்னும் கூடச் சூடாகும். சூடாகிறதுக்குக் காரணம் ஃபானோ, மூடியோ, தண்ணிப் பம்போ, அடைச்ச ரேடியேற்றரோ எண்டு தேட அலுப்பு, அதுதான் கதை. கழட்டின சாமானைக் கேட்டு வேண்டுங்கோ, சுடுதண்ணிச் சட்டியிலை போட்டுப் பாருங்கோ, திறந்தால் நல்லம், திறக்காட்டில் புதுசு போடுங்கோ. ரெண்டுக்கும் காசு குடுக்கிறது நீங்கள்.

கேள்வி: ஹெட்லைற் மஞ்சளாப் போச்சு, பல்லு விளக்கிற பேஸ்ற் போட்டால் வெளுக்குமாமே? - திருநெல்வேலி வாசகர்

பதில்: வெளுக்கும், கொஞ்ச நாளாலை முந்தினதிலும் கூட மஞ்சளாகும்.

கேள்வி: காருக்குக் கீழை வேலை செய்யேக்கை ஜக் மணலுக்கை புதைஞ்சு சரிஞ்சிட்டுது, கடவுள் காப்பாத்தினார். எந்தக் கொம்பனி ஜக் நல்லது? - பருத்தித்துறை வாசகர்

பதில்: கொம்பனியைக் கேக்கிறியளே! ஜக் தூக்கத்தான், கீழை படுக்க இல்லை. தடிச்ச பலகை போட்டு அதுக்கு மேலை ஜக், தூக்கினாப்பிறகு ரெண்டு ஸ்ராண்ட், சில்லுக்குக் கல்லு. இதுக்கு விலை குறைஞ்சது தேடாதேங்கோ. நல்லூர்த் திருவிழாக் கடையிலை நான் வேண்டின சொக்கற் செற் முதல் நட்டிலேயே பிளந்தது, அது பரவாயில்லை, நெஞ்சுக்கு மேலை கார் நிக்கேல்லை.

கேள்வி: பற்றரியைக் கழட்டிப் பூட்டினன். இப்ப காரின்ரை ரேடியோ செற் ஜப்பான் எழுத்திலை ஏதோ கேட்டுக்கொண்டு நிக்குது, பாட்டு இல்லை. பற்றரிக் கடையிட்டை நட்டஈடு கேக்கலாமோ? - சாவகச்சேரி வாசகர்

பதில்: பற்றரிக் கடை என்ன செய்தது பாவம்? ஜப்பான் செற்றுகளிலை கனக்க அப்பிடித்தான், கரண்ட் அறுந்தால் மப் இருக்கிற எஸ்டி கார்ட்டைக் கேக்கும். கார்ட் காருக்குள்ளை இருந்திருந்தால் கேட்டிருக்காது, ஆரோ எடுத்துப்போட்டினம். காரை வித்தவரிட்டைக் கேளுங்கோ. இல்லையெண்டால் கோட் எடுத்துத் திறந்து விடுற ஆக்கள் இருக்கினம், முதலே விலையைப் பேசுங்கோ, செற்றைக் கழட்டிக் குடுத்தாப்பிறகு இல்லை.