மூன்று வயது மகளும் பீக் ஃப்ளோ மீட்டர் ஊதலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு மூன்று. இருவருக்கும் ஆஸ்துமா. மகனைத் தினமும் பீக் ஃப்ளோ மீட்டர் ஊதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். மகளுக்கும் அதையே பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மகளுக்கு வேண்டாம். ஊதும் காற்று எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதை எண்ணாகக் காட்டும் கருவிதான் பீக் ஃப்ளோ மீட்டர். மூச்சை முழுக்க இழுத்து, குழாயை உதடுகளால் இறுக மூடி, ஒரே மூச்சில் வேகமாக ஊதினால்தான் அந்த எண்ணை நம்ப முடியும் என்பதாலும், ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் கைவராது என்பதாலும், கிடைக்கும் எண் உங்களை வீணாகப் பயமுறுத்தும் அல்லது பொய்யான நிம்மதி தரும்.

அவளைப் பொறுத்தவரை உங்கள் கண்ணும் காதும்தான் கருவி. விடியற்காலையில் இருமி எழுகிறாளா, சிரித்தாலும் அழுதாலும் இருமல் வருகிறதா, மற்ற பிள்ளைகள் ஓடும்போது இவள் மட்டும் உட்கார்ந்துவிடுகிறாளா என்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அவள் தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். சிறு குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது என்பதால், அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குவது சரிவராது. இந்த வயதில் 40-ஐ எட்டினாலே அது வேகமான மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். விலா எலும்புகளுக்கு நடுவிலோ தொண்டைக்குழியிலோ சதை உள்வாங்கினால், எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மகன் காலையும் மாலையும் நின்றபடி மூன்று முறை ஊதட்டும். மூன்றில் உயர்ந்த எண்ணைக் குறியுங்கள். உடல் நன்றாக இருக்கும் இரண்டு, மூன்று வாரங்களில் அவன் எட்டிய உச்சமே அவனுடைய அளவுகோல். பக்கத்து வீட்டுப் பையனின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். உங்கள் மகனின் உச்சம் 300 என்றால், 240-க்கு மேல் கவலையில்லை. 150-க்கும் 240-க்கும் இடையில் இருந்தால் மருத்துவர் எழுதிக்கொடுத்த திட்டப்படி மருந்தைக் கூட்ட வேண்டும். 150-க்குக் கீழே போனால் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குடுவை) வழியாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அவன் வளர வளர இந்த உச்சமும் உயரும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாகக் கணக்கிடுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை மட்டும் நம்பியிருக்காதீர்கள்; மூச்சுத்திணறல் முற்றும்வரைகூட அது நல்ல எண்ணையே காட்டக்கூடும். திணறும் குழந்தையிடம் வீசிங் சத்தம் திடீரென நின்று, பேச்சும் அழுகையும் ஓய்ந்துபோனால், சரியாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நுரையீரலுக்குள் காற்றே போகாத நிலை அது, அந்த நொடியே 108-ஐ அழையுங்கள்.