கோல்ஃப் கேள்வி–பதில்: ஷாஃப்டில் உள்ள எழுத்தும் தங்கள் ஸ்விங்கும்

இம்மாதம் வந்த கடிதங்களில் மிகத் தொலைவுக்கு அடிக்கும் கிளப்பான டிரைவரின் ஷாஃப்டை, அதாவது அதன் தண்டைப் பற்றிக் கேட்டவையே மிகுதி. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டேன். முதல் பதில் சற்று நீண்டுவிட்டது. பிற கேள்விகளுக்கான விடையில் பாதி அதிலேயே அடங்கியிருப்பதால் அதைச் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: எனக்கு வயது 47, வார இறுதிகளில் மட்டுமே ஆடுகிறேன். நண்பர் கொடுத்த டிரைவரில் 'எஸ்' என்று குறிக்கப்பட்ட ஷாஃப்ட் உள்ளது. அடியை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கருவியில் என் ஸ்விங் (கிளப்பை வீசும்) வேகம் மணிக்கு 91 மைல் என்று காட்டியது. பந்து தாழ்வாகக் கிளம்பி வலப்பக்கம் வளைந்து போகிறது. 'ஆர்' ஷாஃப்டுக்கு மாறினால் சரியாகிவிடுமா? (வாசகர், சென்னை)

பதில்: பந்தின் உயரம் சற்றுக் கூடலாம், வலப்பக்க வளைவு அதனால் மட்டும் நின்றுவிடாது. தாங்கள் வலக்கைக்காரர் என்றால், அடிபடும் கணத்தில் கிளப் செல்லும் பாதையோடு ஒப்பிடும்போது பந்தில் படும் அதன் முகம் வலப்பக்கம் திறந்திருக்கிறது என்பதே அந்த வளைவின் பொருள். அதைத் திருத்த வேண்டிய இடம் கிளப்பைப் பிடிக்கும் முறையும் ஸ்விங்கும்தான். ஷாஃப்ட் அதில் ஒரு சிறு பங்கைத்தான் ஏற்கும். இதைச் சொல்லாமல் ஷாஃப்டை விற்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

எழுத்துக்கு வருவோம். எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று நெகிழ்விலிருந்து விறைப்பை நோக்கிச் செல்லும் இந்த வரிசைக்கு, எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர், வேறொன்றின் எஸ்ஸைக் காட்டிலும் விறைப்பாக இருப்பதுண்டு. ஒரு கடையின் 40 அளவுச் சட்டை இன்னொரு கடையில் பிடிக்கவில்லையே என்று நாம் வியப்பதில்லை அல்லவா? மணிக்கு 85 மைலுக்குக் கீழ் சீனியர் எனப்படும் ஏ, 85 முதல் 95 வரை ஆர், 95 முதல் 105 வரை எஸ், அதற்கு மேல் எக்ஸ் என்று கடைகளில் சொல்லப்படும் கணக்கைத் தொடங்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கின்படி தங்களுக்கு ஆர்.

ஆனால் அதே 91 மைலை இருவர் இரு விதமாக எட்டுகிறார்கள். ஒருவர் கிளப்பைப் பின்னால் உயர்த்தும் பேக்ஸ்விங்கின் உச்சியில் அவசரப்படாமல் இறங்கத் தொடங்கி, பந்தை நெருங்கும்போது வேகமெடுக்கிறார். மற்றவர் உச்சியிலிருந்தே வெடுக்கென்று இழுக்கிறார். இழுப்பவர் தொடக்கத்திலேயே ஷாஃப்டின் மீது பெரும் சுமையை ஏற்றிவிடுவதால், நெகிழ்வான ஷாஃப்டில் கிளப் தலை எங்கே இருக்கிறது என்ற உணர்வு அவருக்குத் தப்பிப்போகிறது. எண்ணின்படி ஆர் என்றாலும் எஸ்ஸே அவருக்கு ஒத்துவரக்கூடும். தாங்கள் எந்த வகை என்பதைக் கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஷாஃப்ட் சாட்டையைப் போல் பந்தைச் சொடுக்கி எறிகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. டிரைவர் தலையின் எடை மையம் ஷாஃப்டின் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்விங்கின் கடைசிக் கட்டத்தில் தலையை வெளிநோக்கி இழுக்கும் விசை, அந்த மையத்தைக் கைகளுக்கு நேர்க்கோட்டில் கொண்டுவர முயல்கிறது. அதனால் ஷாஃப்ட் இலக்கை நோக்கி முன்பக்கம் வளைந்து, முகத்தின் சாய்வான லாஃப்டைச் சற்றுக் கூட்டிவிடுகிறது. நெகிழ்வான ஷாஃப்டில் இந்த முன்வளைவு பெரும்பாலும் அதிகம். அதனால்தான் பந்து உயர்ந்து கிளம்புகிறது. இதில் கிடைக்கும் மாற்றம் பெரும்பாலும் ஓரிரு டிகிரிக்குள்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். நண்பரின் டிரைவர் 9 டிகிரி லாஃப்ட் உடையது என்றால், தங்கள் பந்து தாழ்வாகப் போவதற்கு எஸ்ஸைப் பழிப்பதற்கு முன் லாஃப்டைப் பார்க்க வேண்டும். தங்கள் வேகத்துக்கு 10.5 அல்லது 12 டிகிரித் தலையும், 12 முதல் 15 டிகிரிக்குள் கிளம்பும் கோணமும், நிமிடத்துக்கு 2,300 முதல் 3,000 சுற்றுகளுக்குள் ஸ்பின்னும் (பந்தின் சுழற்சியும்) கிடைத்தால் அது நல்ல நிலை.

எழுத்தைக் காட்டிலும் நான் முதலில் கேட்பது எடையை. ஸ்டீல் ஷாஃப்ட் பெரும்பாலும் 110 கிராமுக்கு மேல் இருக்கும். இன்றைய கிராஃபைட் டிரைவர் ஷாஃப்டுகள் 40 முதல் 80 கிராம் வரை கிடைக்கின்றன. மிக இலேசானதைப் பிடித்தால் உச்சியிலிருந்து வெடுக்கென இழுக்கும் பழக்கம் கூடிவிடுகிறது. மிகக் கனமானதைப் பிடித்தால் பதினைந்தாவது குழியில் தோள் கெஞ்சுகிறது. தங்களுக்கு 50, 60 கிராம் ஷாஃப்டுகளில் தொடங்கச் சொல்வேன். முறுக்கத்தைக் குறிக்கும் டார்க், வளையும் இடத்தைக் குறிக்கும் கிக் பாயின்ட் ஆகியவற்றையும் கடையில் பேசுவார்கள். எடையும் விறைப்பும் அமைந்த பிறகு அவற்றைப் பார்த்தால் போதும்.

சோதிக்கும்போது ஒரே தலை, ஒரே வகைப் பந்து, மூன்று ஷாஃப்டுகள் என்று எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பந்துகள் அடியுங்கள். கடைசியில் முதல் ஷாஃப்டுக்கே திரும்பி இன்னொரு பத்து அடியுங்கள். உடல் சூடேறியதால் வந்த முன்னேற்றத்தை ஷாஃப்டின் கணக்கில் எழுதிவிடாமல் இருக்க இது உதவும். மிக நீளமாகப் போன ஒரு பந்தை மறந்துவிட்டு, பத்தும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன, முகத்தின் நடுவில் எத்தனை பட்டன என்பதைப் பாருங்கள்.

கேள்வி: நீளமான ஷாஃப்ட் என்றால் அதிக தூரம் என்கிறார்களே? (வாசகர், திருச்சி)

பதில்: காகிதத்தில் அப்படித்தான். நீளம் கூடினால் தலையின் வேகம் சற்றுக் கூடும். ஆனால் நடுமுகத்தில் படும் பந்துகள் குறைந்தால், கூடிய வேகம் வீணாகும். விதிப்படி கிளப்பின் நீளம் 48 அங்குலம் வரை இருக்கலாம். 2022 ஜனவரி முதல் உயர்நிலைப் போட்டிகள் அதை 46 அங்குலமாகக் குறைத்துக்கொள்ள மாதிரி உள்ளூர் விதி (போட்டி நடத்துவோர் விரும்பினால் ஏற்கும் விதி) ஒன்று வந்திருக்கிறது. கடையில் வாங்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45 அங்குலத்தைத் தாண்டியவை. 1997 மாஸ்டர்ஸ் போட்டியை 12 ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் டைகர் உட்ஸ் வென்றபோது அவர் கையில் இருந்ததோ 43.5 அங்குல ஸ்டீல் ஷாஃப்ட். வாலிபத்தின் வேகம் அவருக்கு இருந்தது, உண்மைதான். ஆயினும் நீளத்தை நாடாத அந்தத் தேர்வு யோசிக்க வைக்கிறது.

ஷாஃப்டை வெட்டுவதற்கு முன், கைப்பிடியில் ஓர் அங்குலம் கீழே பிடித்து ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். பிடித்துப்போய் வெட்டினால், அரை அங்குலத்துக்கு ஸ்விங் வெயிட் (வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தோன்றும் என்பதன் அளவு) ஏறத்தாழ மூன்று புள்ளி குறைந்து தலை இலேசாகத் தோன்றும். தலையில் ஈயப்பட்டை ஒட்டி அதை ஈடுசெய்யலாம்.

கேள்வி: பெண்கள் 'எல்' ஷாஃப்ட்தான் பயன்படுத்த வேண்டுமா? (வாசகி, பெங்களூரு)

பதில்: இல்லை. அந்த எழுத்தை 'லேடீஸ்' என்று விரித்தது விற்பனைப் பழக்கம். அமெரிக்க மகளிர் தொழில்முறைப் போட்டித் தொடரான எல்பிஜிஏ ஆட்டக்காரர்களின் சராசரி டிரைவர் வேகம் மணிக்கு ஏறத்தாழ 94 மைல். சென்னை வாசகரை அவர்கள் மிஞ்சிவிடுவார்கள். தங்கள் வேகத்தை அளந்து, அதற்கேற்ற எடையில் தொடங்குங்கள். 75 மைலுக்குக் கீழ் என்றால் 40 கிராம் அளவிலான எல் ஷாஃப்ட் ஆணுக்கும் பொருந்தும். கூச்சத்தால் அதைத் தவிர்க்கும் பெரியவர்கள் பலரை அறிவேன்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் டிரைவரிலிருந்து கழற்றிய ஷாஃப்டை வேறு நிறுவனத்தின் தலையில் பொருத்த முடியுமா? (வாசகர், கொழும்பு)

பதில்: நேரடியாக முடியாது; நுனியில் ஷாஃப்டைத் தலையோடு இணைக்கும் ஸ்லீவ் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பட்டறையில் மிதமான சூட்டில் பசையை இளக்கி, பழைய ஸ்லீவை அகற்றிப் புதியதை ஒட்டித் தருவார்கள். சூடு மிகுந்தால் கிராஃபைட்டின் நார்கள் கெட்டுவிடும் என்பதால் வீட்டில் முயல வேண்டாம்.

கேள்வி: கோவையில் 210 கஜம் போகும் என் டிரைவ், உதகையில் நண்பரின் ஷாஃப்டைப் போட்டு அடித்தபோது 225 கஜத்துக்குக் குறையாமல் போனது. அதே ஷாஃப்டை வாங்கிவிடலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பணத்தைச் சிறிது காலம் பையிலேயே வைத்திருங்கள். உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர், அதாவது 7,300 அடிக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்துக்கு எதிர்ப்பும் குறைவு. ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் தூரம் கூடும் என்பது பயிற்சியாளர்கள் கையாளும் கணக்கு. கோவையே கடல்மட்டத்திலிருந்து சற்று உயரத்தில் இருப்பதைக் கழித்தாலும், 210 கஜத்துக்கு 12 அல்லது 13 கஜம் காற்றே கொடுத்துவிடுகிறது. ஷாஃப்டின் பங்காக மிஞ்சுவது இரண்டு மூன்று கஜம். அதுவும் தரை காய்ந்திருந்தால் உருண்டதில் வந்திருக்கலாம். நண்பரிடம் அந்த ஷாஃப்டை ஒரு வாரம் இரவல் வாங்கி, கோவையில், தங்கள் பழைய ஷாஃப்டோடு மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள்.