நெதர்லாந்தில் எந்த நீதிமன்றம்? முதலில் எதிரே நிற்பவர் யார் என்று பாருங்கள்

கேள்வி: ஐன்ட்ஹோவனில் மூன்று ஆண்டுகளாக மென்பொருள் பொறியாளராக வேலை செய்கிறேன். உயர்திறன் பணியாளருக்கான அனுமதியில் வந்தவன். நிறுவனம் டச்சு மொழியில் ஓர் ஒப்பந்தத்தைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு வேலையை விட்டு விலகிக்கொள்ளச் சொல்கிறது. இது போதாதென்று, சென்ற மாதம் காலி செய்த வீட்டின் உரிமையாளர் அட்வான்ஸைத் திருப்பித் தர மறுக்கிறார். ஊரில் என்றால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, முடியாவிட்டால் ஹைகோர்ட்டில் ரிட் போடுவோம். இங்கே எங்கே போவது? வழக்கு என்று போனால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்: இன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வெள்ளிக்கிழமை நிறுவனம் தன் வசதிக்காக வைத்துக்கொண்ட நாள். சட்டத்தில் அதற்கு எந்த மதிப்பும் இல்லை.

ரிட் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். இங்கே யாரோடு தகராறு என்பதைப் பொறுத்துத்தான் வழி. முதலாளி, வீட்டுக்காரர், கடைக்காரர் போன்ற தனியார் என்றால் உரிமையியல் வழி. நகராட்சி, வரித்துறை, குடியேற்றத் துறை போன்ற அரசு அலுவலகம் என்றால் நிர்வாகச் சட்ட வழி. அதில் முதல் படி நீதிமன்றம் அல்ல, முடிவெடுத்த அதே அலுவலகத்துக்கு எழுதும் ஆட்சேபனை. போலீசும் அரசு வழக்கறிஞரும் வந்தால் குற்றவியல் வழி. இந்த மூன்றும் ஒரே மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில் தொடங்கினாலும் மேலே போகப் போகப் பிரிந்துவிடும்.

நாடு முழுவதற்கும் 11 மாவட்ட நீதிமன்றங்கள், 4 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், அவற்றுக்கு மேல் ஹேக் நகரில் ஹோஹ ராட். பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உயர் மன்றம்' என்று வரும், ஆனால் அதுதான் இந்நாட்டின் உச்ச நீதிமன்றம். அது சாட்சியங்களை மறுபடி ஆராயாது, கீழே சட்டத்தைச் சரியாகப் பயன்படுத்தினார்களா என்று மட்டும் பார்க்கும். அரசு அலுவலகங்களின் முடிவை எதிர்க்கும் வழக்குகள் பெரும்பாலும் அங்கே போவதில்லை. அவற்றுக்கு ராட் ஃபான் ஸ்டாட் என்ற அரசு ஆலோசனை மன்றத்தின் தீர்ப்பாயப் பிரிவு இருக்கிறது, சமூகப் பாதுகாப்பு வழக்குகளுக்குத் தனி மேல்முறையீட்டு மன்றம். ஜூரி எங்கேயும் கிடையாது. தொலைக்காட்சியில் வரும் ஹேக் பன்னாட்டு நீதிமன்றம் இந்த ஏணியில் ஒரு படிகூட அல்ல.

நம்மவர்களுக்கு நம்பக் கடினமான செய்தி ஒன்று உண்டு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று இங்குள்ள நீதிபதி சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 120ஆவது பிரிவே அதைத் தடுக்கிறது. ஆனால் வாசலை அடைத்தவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். 94ஆவது பிரிவின்படி, மக்களை நேரடியாகக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்த விதியோடு உள்நாட்டுச் சட்டம் மோதினால், உள்நாட்டுச் சட்டத்தை ஒதுக்கிவைக்கலாம். ஊரில் அடிப்படை உரிமை என்று வாதாடும் இடத்தில் இங்கே ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை எடுத்து வைப்பார்கள். 2020 முடிவதற்குள் பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தை 1990 அளவிலிருந்து 25 சதவீதமாவது குறைக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஹோஹ ராட் அரசுக்குக் கட்டளையிட்டதும் அந்த உடன்படிக்கையை வைத்துத்தான்.

உங்கள் ஒப்பந்தத்துக்கு வருவோம். உங்கள் சம்மதம் இல்லாமல் நிரந்தர ஊழியரை நீக்க, நிறுவனம் இரண்டு கதவுகளில் ஒன்றைத் தட்ட வேண்டும். பொருளாதாரக் காரணம் அல்லது இரண்டு ஆண்டைத் தாண்டிய நோய் என்றால் யு.டபிள்யு.வி. என்ற ஊழியர் காப்பீட்டு அலுவலகத்தின் அனுமதி தேவை. வேலைத்திறன் போதவில்லை, உறவு முறிந்துவிட்டது என்றால் கன்டோன்ரெக்தர் என்ற நீதிபதியிடம் போய் ஆவணங்களைக் காட்டி நிரூபிக்க வேண்டும். இரண்டுக்கும் காலமும் பணமும் ஆகும். அதனால்தான் உங்கள் கையெழுத்தை விரும்புகிறார்கள். அந்தக் கையெழுத்துக்கு விலை இருக்கிறது, பேரம் பேசுங்கள். சட்டப்படி நீக்கினால் ஓராண்டுப் பணிக்கு மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு தர வேண்டும். நீங்களே சம்மதித்து விலகும்போது அது கட்டாயம் அல்ல என்றாலும் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். உங்கள் வழக்கறிஞர் கட்டணத்தையும் நிறுவனமே ஏற்பது இங்கே வழக்கம், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று செய்திகள் இருக்கின்றனவா என்று ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்: விலகல் யோசனை நிறுவனத்திடமிருந்து வந்தது, உங்கள் தவறான நடத்தை காரணம் அல்ல, அறிவிப்புக் காலம் கணக்கில் எடுக்கப்பட்டது. இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் வேலையிழப்பு உதவித்தொகை கையை விட்டுப் போகலாம், அல்லது தள்ளிப் போகலாம். ஏற்கெனவே பதற்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? அப்போதும் 14 நாட்களுக்குள், காரணம் சொல்லாமலே, எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். இந்த உரிமையை ஒப்பந்தத்தில் குறிப்பிட நிறுவனம் மறந்திருந்தால் மூன்று வாரம்.

அட்வான்ஸ் விஷயம் இதைவிட எளிது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் பொறாமைப்படும் சட்டம் இங்கே இருக்கிறது. 2023 ஜூலை 1 முதல் செய்துகொண்ட வாடகை ஒப்பந்தம் என்றால், அட்வான்ஸ் இரண்டு மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். வாடகை பாக்கி, சேதம் போன்றவற்றுக்குப் பிடித்தம் செய்தால் 30 நாட்களுக்குள் கணக்கு காட்டி மீதியைத் தர வேண்டும். 'சுவர் அழுக்காக இருந்தது' என்று வாயால் சொல்வது கணக்கு ஆகாது. குடியேறும்போது எடுத்த படங்களைத் தேடி எடுத்து வையுங்கள்.

முதலில் நீங்களே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தொகை, வங்கிக் கணக்கு எண், தேதி குறித்த கெடு, தராவிட்டால் நீதிமன்றம் என்ற ஒரு வரி போதும். வக்கீல் நோட்டீஸின் மிரட்டல் நடை இங்கே எடுபடாது, அடக்கமான கடிதம்தான் பின்னால் நீதிபதியின் மேசையில் உங்களுக்குத் துணை நிற்கும். அதற்கும் மசியவில்லை என்றால் அதே கன்டோன்ரெக்தர். 25,000 யூரோ வரையிலான கோரிக்கைகளும், தொகை எதுவானாலும் வாடகை, வேலை தொடர்பான வழக்குகளும் அவரிடம்தான் போகும். அங்கே வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. ஆனால் அழைப்பாணையை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது, கெரெக்ட்ஸ்டூர்வார்டர் எனப்படும் அரசு நியமித்த அலுவலர் வழியாகத்தான் சேர்ப்பிக்க வேண்டும். அவருக்கும் கட்டணம், நீதிமன்றத்துக்கும் கட்டணம். தோற்றவர் எதிர்த்தரப்புச் செலவைத் தர வேண்டும் என்பது விதி, ஆனால் அது அட்டவணைப்படி தரும் தொகை, உண்மைச் செலவு முழுவதும் திரும்பாது. சில நூறு யூரோவுக்கு வழக்கா என்று ஒரு முறை கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே முடிவு என்றும் நினைக்க வேண்டாம். 1992இல் நடைமுறைக்கு வந்த புதிய உரிமையியல் சட்டத் தொகுப்பு, நியாயத்துக்கும் நேர்மைக்கும் ஒவ்வாத நிபந்தனையை நீதிபதி ஒதுக்கிவைக்க இடம் கொடுக்கிறது. இதை வழக்கறிஞர்கள் வாய்க்கு வாய் சொல்வார்கள். இதற்கு வெகு காலம் முந்தைய ரோமன் டச்சுச் சட்டத்தை இந்நாடு 1809இலேயே கைவிட்டுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், டச்சுக்காரர்கள் ஆண்டு விட்டுப்போன இலங்கையில் அது இன்றும் பொதுச் சட்டமாக இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை 1707இல் எழுத்தில் பதிய வைத்ததும் அவர்கள்தான். கொழும்பில் சட்டம் படித்துவிட்டு இங்கே வரும் நண்பர்கள், ரோமன் டச்சுச் சட்டத்துக்கு நூல் எழுதிய அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ் இங்கே வரலாற்றுப் பாடத்தில் மட்டும் இருப்பதைக் கண்டு திகைப்பார்கள்.

செலவைப் பற்றி: வருமானம் குறைந்தவர்களுக்கு யூரிடிஸ் லோக்கெட் என்ற சட்ட உதவி மையம் இலவசமாக ஆலோசனை தருகிறது. பொறியாளர் சம்பளத்தில் உங்களுக்கு அது கிடைப்பது சந்தேகம். சட்டச் செலவுக் காப்பீடு வைத்திருந்தால் இப்போதே தொலைபேசியில் அழையுங்கள். தகராறு தொடங்கிய பிறகு எடுக்கும் காப்பீடு இந்தத் தகராறுக்கு உதவாது. தொழிற்சங்க உறுப்பினர் என்றால் அங்கும் கேட்கலாம்.

விசாவுக்கு வருகிறேன். முதலாளி மீதோ வீட்டுக்காரர் மீதோ வழக்குப் போட்டதற்காக யாரும் உங்கள் அனுமதியைப் பறிக்க மாட்டார்கள். வேலை போவதுதான் அதைத் தொடும். வேலை முடிந்ததை நிறுவனம் நான்கு வாரத்துக்குள் ஐ.என்.டி. என்ற குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு புதிய வேலை தேட உங்களுக்கு மூன்று மாதம், அனுமதி அதற்கு முன்பே காலாவதியாகும் என்றால் அந்தத் தேதி வரை மட்டும். ஆகவே பேரத்தில் பணத்தைவிட ஒப்பந்தம் முடியும் தேதியைத் தள்ளிப் போடக் கேளுங்கள், ஒவ்வொரு கூடுதல் மாதமும் உங்களுக்கு மூச்சுவிடும் நேரம். வேலையிழப்பு உதவித்தொகை காப்பீட்டுப் பணம், அதை வாங்கத் தயங்க வேண்டாம். ஒருவேளை ஐ.என்.டி.யிடமிருந்து அனுமதி ரத்து என்று கடிதம் வந்தால், மற்ற அரசு அலுவலகங்களின் முடிவை எதிர்க்க வழக்கமாகக் கிடைக்கும் ஆறு வாரம் அங்கே கிடையாது. நான்கு வாரம்தான், கடிதத்தை நீங்கள் பிரித்துப் படித்த நாளிலிருந்து அது எண்ணப்படுவதில்லை.